எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்: கருந்துளை எழுச்சியா, கேலக்ஸி வடிவமா? மதுரைப் பக்கம் யாராவது பண்ணியிருக்கீங்களா?

#1 · வைகை_வடகரை · செல்லூர் · ஜனவரி 6, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு கல்லூரியில எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ப்ராஜெக்ட் தலைப்பு இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுக்கணும். மெஷின் லேர்னிங் வச்சு வானியல்ல ஏதாவது பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. ரெண்டு யோசனை இருக்கு.

முதலாவது, கேலக்ஸி (விண்மீன் திரள்) படங்களை வடிவம் வாரியாப் பிரிக்கிறது. சுருள், நடுவுல பட்டை உள்ள சுருள், மழமழன்னு உருண்டையா இருக்குறது, ரெண்டு ஒண்ணோட ஒண்ணு மோதுறது, இப்படி. கேலக்ஸி10 டீகால்ஸ்னு ஒரு தொகுப்பு இலவசமாக் கிடைக்குது. 17,736 படம், 10 வகை.

ரெண்டாவது, கருந்துளை இரட்டைகளோட (ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் ஒண்ணையொண்ணு சுத்துற ஜோடி) எக்ஸ்ரே எழுச்சி. அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளோட டேட்டாவை இஸ்ரோ எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கு. லைட் கர்வை, அதாவது நேரம் போகப்போக வெளிச்சம் எப்படி ஏறி இறங்குதுங்கிற வரைபடத்தை, கொடுத்தா எழுச்சி எந்தக் கட்டத்துல இருக்குன்னு மாடல் சொல்லணும்.

முதலாவதை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துட்டேன். என் லேப்டாப்ல ஜிபியு (இந்த மாதிரிக் கணக்கை வேகமா ஓட்டுற சிப்) கிடையாது, கூகுளோட கொலாப்ல இலவசமாக் கிடைக்குறதை வச்சுத்தான். ஒவ்வொரு படத்தையும் திருப்பி, கவிழ்த்து ஏழு மடங்காப் பெருக்கினேன். ஏறக்குறைய ஒண்ணேகால் லட்சம் படம். அதைப் பயிற்சிக்கு 80, டெஸ்டுக்கு 20ன்னு பிரிச்சு ஓட்டினா டெஸ்ட்ல 97 சதவீதம் வந்துச்சு. கைடு மேடம்கிட்ட காட்டினேன். "நல்லா இருக்குப்பா, ஆனா இதைப் பல பேர் பண்ணிட்டாங்க. இதுல உன்னோடது என்ன?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

ரெண்டுல எதை எடுக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 · ரயிலார்நகர்_கோடர் · ஜனவரி 6, இரவு 11.52

தம்பி, ஒரே ஒரு கேள்வி. பெருக்கிட்டுப் பிரிச்சீங்களா, பிரிச்சுட்டுப் பெருக்குனீங்களா?

#3 · வைகை_வடகரை · ஜனவரி 7, காலை 7.05

பெருக்கிட்டுத்தான் பிரிச்சேன் அண்ணே. ஏன், அதுல என்ன?

#4 · ரயிலார்நகர்_கோடர் · ஜனவரி 7, காலை 8.30

அப்ப அந்த 97ஐ மறந்துடுங்க.

ஒரே கேலக்ஸியோட ஒரு நகல் பயிற்சிக்குப் போயிருக்கு, அதையே தொண்ணூறு டிகிரி திருப்பின நகல் தேர்வுல வந்திருக்கு. பரீட்சைக்கு முந்தின நாளே கேள்வித்தாளைக் கொடுத்துட்டு மறுநாள் மார்க் எண்ணின கணக்குத்தான். முதல்ல 17,736ஐப் பிரிங்க. தேர்வுப் பங்கை எடுத்துப் பூட்டி வைங்க. பயிற்சிப் பங்கை மட்டும் பெருக்குங்க. நான் வேலை பார்க்குற இடத்துலயும் இதே தப்பு வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வரும், அனுபவசாலிங்க கையாலயே.

பெருக்குறது தப்பில்லை, அதைச் சொல்லிடறேன். 2013 டிசம்பர்ல காகிள்ங்கிற டேட்டா போட்டித் தளத்துல கேலக்ஸி போட்டி ஒண்ணு ஆரம்பிச்சுது. 61,578 பயிற்சிப் படம். ஒவ்வொரு படத்துக்கும் 37 எண்ணை மாடல் கணிக்கணும். ஜெயிச்சவர் சாண்டர் டீல்மன், அப்ப பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துல பிஎச்.டி. மாணவர். வானத்துல மேல் கீழ் கிடையாது, கேலக்ஸியை எப்படித் திருப்பினாலும் அது அதேதான்கிறதை அவரு நெட்வொர்க்கோட அமைப்புக்குள்ளயே வச்சுக் கட்டினார். அந்த ஒரு யோசனைதான் அவரை முன்னுக்குக் கொண்டுபோச்சு.

இன்னொண்ணு. மொத்த சதவீதத்தைப் பார்க்காதீங்க, வகை வாரியாப் பாருங்க. அந்தத் தொகுப்புல 'சுருட்டு வடிவம்'னு ஒரு வகை இருக்கே, அதுல மொத்தமே 334 படம்தான். உருண்டை வகையில 2,645. மாடல் சுருட்டையே கண்டுக்காம விட்டாலும் மொத்தக் கணக்குல ரெண்டு சதவீதம்கூடக் குறையாது. கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ், அதாவது எந்த வகையை மாடல் எந்த வகைன்னு சொல்லுதுங்கிற அட்டவணை, போட்டுக் காட்டுங்க, பேசுவோம்.

#5 · வைகை_வடகரை · ஜனவரி 9, இரவு 1.15

அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே திரும்ப ஓட்டினேன். 79.

பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு. ஆனா மேட்ரிக்ஸைப் போட்டதுக்கு அப்புறம் தூக்கமே வரலை. தேர்வுப் பங்குல சுருட்டு 67. மாடல் சரியாச் சொன்னது 29. மிச்சத்துல பெரும்பங்கு எங்க போயிருக்குன்னா, 'விளிம்பாத் தெரியுற, நடுப்புடைப்பு இல்லாத தட்டு'ங்கிற வகைக்கு. தப்பாப் போன 38 படத்தையும் ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தேன். கறுப்புல ஒரு மெலிசான வெளிச்சக் கீத்து, ஓரம் ரெண்டும் மங்கிப்போகும், நடுவுல கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். சுருட்டுன்னு சொன்னா சுருட்டு, தட்டுன்னு சொன்னா தட்டு. பதினஞ்சாவது படத்துக்கு மேல எனக்கே பிரிக்கத் தெரியலை.

எனக்கே தெரியாததை மாடல் தப்புன்னு எப்படிச் சொல்றது?

#6 · சோழவந்தான்_டீச்சர் · ஜனவரி 9, மாலை 6.40

வைகை, உங்க கடைசி வரிக்காகவே எழுதறேன். பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக்கொடுக்கறேன். மாசம் ஒரு தடவை பிள்ளைங்களை வச்சு வானம் பார்க்கறோம்.

விண்மீன் திரள் வடிவம் நடத்தும்போது வகுப்புக்கு ஒரு தோசைக்கல்லைக் கொண்டுபோவேன். நேராப் பிடிச்சா வட்டம். கொஞ்சம் சாய்ச்சா முட்டை வடிவம். விளிம்பைக் காட்டினா ஒரு கோடு. கல் ஒண்ணுதான், மாறுறது நாம பார்க்கிற கோணம். வானத்துல இருக்கிற தோசைக்கல்லைத் திருப்பிப் பார்க்க நமக்கு வழியில்லை. 1926ல ஹப்பிள் நீள்வட்டம், சுருள், பட்டைச் சுருள்னு பிரிச்சாரே, அவர் பிரிச்சதும் நம்ம கண்ணுக்குத் தெரியுற தோற்றத்தைத்தான். நிஜமாவே சுருட்டு மாதிரி நீண்ட ஒண்ணும், விளிம்பு காட்டி நிக்கிற தட்டும், தூரத்துல மங்கலா ஒரே மாதிரிதான் தெரியும். நீங்க தடுமாறினது நியாயம்.

அப்புறம், அந்த விடைகளை எழுதினது யாருன்னு யோசிச்சீங்களா? மனுஷங்கதான். 2007 ஜூலையில கேலக்ஸி சூன்னு ஆரம்பிச்சாங்க. வானத்தைப் படம் பிடிச்ச ஸ்லோன் சர்வேயில இருந்து கிட்டத்தட்ட 9 லட்சம் திரள்களோட படத்தை இணையத்துல வச்சு, யார் வேணாலும் வந்து சொல்லலாம்னாங்க. ஒரு வருஷத்துல ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல வந்து 5 கோடித் தடவைக்கு மேல வகை சொல்லியிருக்காங்க. குடும்பத் தலைவிகள், ஓய்வு பெற்றவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாரும் அதுல உண்டு.

அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுருள் எந்தப் பக்கம் சுத்துதுன்னு கேட்டதுக்கு இடஞ்சுழின்னு சொன்னவங்க வலஞ்சுழியை விட அதிகம். அண்டத்துக்கே ஒரு பக்கச் சாய்வு இருக்கோன்னு சந்தேகம் வந்துச்சு. உடனே படங்களைக் கண்ணாடிப் பிம்பமாத் திருப்பிக் காட்டினாங்க. அப்பவும் இடஞ்சுழிதான் அதிகம். ஆக, சாய்வு இருந்தது பார்க்கிற கண்ணுல. மாடல் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் கத்துக்குது. கண் எங்க சாயுமோ அங்கதான் மாடலும் சாயும்.

#7 · கண்மாய்க்கரை · ஜனவரி 9, இரவு 9.10

நான் விஞ்ஞானம் படிச்சவன் இல்ல. திருமங்கலம் பக்கம் வெவசாயம். மகன் இந்தத் தளத்தக் காட்டிவிட்டதுல இருந்து ராத்திரி படிச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு சந்தேகம். கருந்துளை எல்லாத்தையும் முழுங்கும், வெளிச்சம்கூட வெளிய வராதுன்னு சொல்றாக. அப்பறம் அதுல 'எழுச்சி' எங்கிட்டு இருந்து வருது?

#8 · ராசி_டேட்டா · ஜனவரி 10, காலை 6.15

கண்மாய்க்கரை ஐயா, வகுப்பில் இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த ஆண்டுகள் உண்டு. மதுரையில் படித்து, எக்ஸ்ரே வானியலில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என்னால் முடிந்த வரை சொல்கிறேன்.

எழுவது கருந்துளை அன்று. அதைச் சுற்றிக் கிடக்கும் வட்டு. ஒரு சாதாரண விண்மீனும் ஒரு கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று வையுங்கள். விண்மீனின் வாயு கருந்துளைப் பக்கம் இழுபட்டு வருகிறது. வருகிற வாயுவுக்குச் சுழற்சி இருப்பதால் நேரே உள்ளே விழாது. சுற்றிச் சுற்றி ஒரு தட்டாகப் படியும். நம் ஊர்க் கண்மாய் போல ஆண்டுக்கணக்கில் அது நிறைந்துகொண்டே இருக்கும். நிறைந்ததும் ஒரு நாள் மறுகால் பாயும். அப்போது வாயு உள்நோக்கிப் பாய்ந்து, உராய்வில் கோடி டிகிரி அளவுக்குச் சூடேறி எக்ஸ்ரேயை வீசும். கருந்துளைக்குள் போவதற்கு முன் வீசுகிற வெளிச்சம் அது. அதனால்தான் நமக்கு வந்து சேருகிறது.

அன்னப்பறவை மண்டலத்தில் வி404 சிக்னி என்று ஒன்று இருக்கிறது. தூரம் சுமார் 7,800 ஒளியாண்டு. 1938ல் திடீரென ஒளிர்ந்தது. அதை அன்று நோவா என்று எழுதி வைத்தார்கள். 1989ல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அதன் எக்ஸ்ரே எழுச்சியைப் பிடித்தது. 1992ல் துணை விண்மீனின் வேகத்தை அளந்து, கூட இருப்பது சூரியனைப் போல் குறைந்தது 6 மடங்கு நிறை கொண்ட ஒன்று, அதாவது கருந்துளைதான், என்று காட்டினார்கள். அதன்பின் அமைதி. 2015 ஜூன் 15 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் மணியடித்தது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எழுந்திருந்தது. அந்த நாட்களில் அதன் துடிப்பைச் சாதாரண வெளிச்சத்திலேயே, 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருந்தால் காண முடிந்தது. அந்த இரண்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

#9 · கண்மாய்க்கரை · ஜனவரி 10, மதியம் 1.30

புரிஞ்சது தம்பி, நன்றி. ஆனா ஒண்ணு இடிக்குது. மறுகால் பாயுறதுன்னா தண்ணி மட்டம் கலுங்கு ஒசரத்தத் தாண்டணும். வர்ற தண்ணி எம்புட்டோ அம்புட்டுத்தான் போகும். கண்மாய் குறையாது. வரத்து நின்னா மறுகாலும் நிக்கும், கண்மாய் நெறஞ்சபடியே கெடக்கும். நீங்க சொல்றதப் பாத்தா உள்ள சேத்து வச்சது பாஞ்சு போயி, மறுபடி வருசக்கணக்கா நெறையுது. அது மறுகால் இல்ல. மடையத் தொறந்து விடுறது. எங்கப்பா நீர்ப்பாய்ச்சியா இருந்தவரு, அதான் சொல்றேன். அப்ப அங்க மடையத் தொறக்குறது எது?

#10 · ராசி_டேட்டா · ஜனவரி 10, இரவு 8.00

ஐயா, நீங்கள் திருத்தியதுதான் சரி. பல ஆண்டு இந்த உவமையைத் தவறாகவே சொல்லி வந்திருக்கிறேன். இனி மடை என்றே சொல்வேன்.

மடையைத் திறப்பது ஹைட்ரஜன். வட்டு குளிர்ந்து கிடக்கும் வரை ஹைட்ரஜன் அணு முழுசாக இருக்கும். வாயுவின் பாகுத்தன்மை குறைவாக இருக்கும். ஒரு வளையம் அடுத்த வளையத்தை அவ்வளவாக உரசாது, அதனால் வாயு உள்ளே நகராமல் தேங்கும். சரக்கு சேரச் சேரச் சூடும் ஏறும். 10,000 டிகிரியை ஒட்டி வரும்போது ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரான் கழன்றுவிடும். அயனியான வாயு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். சூடு இன்னும் ஏறும், பாகுத்தன்மையும் சட்டென்று கூடும். ஓரிடத்தில் தொடங்கிய சூடு பக்கத்து வளையங்களுக்கும் பரவ, வட்டு மொத்தமும் ஓடத் தொடங்கும். வரத்தைவிடப் போக்கு பல மடங்கு ஆகிவிடும். சரக்கு குறைந்ததும் குளிரும், எலக்ட்ரான் திரும்ப ஒட்டும், மடை மூடிக்கொள்ளும். கண்மாயில் அடிமட்டத் தண்ணீர் தங்குவதுபோல வட்டிலும் கொஞ்சம் தங்கும்.

நீர்ப்பாய்ச்சி இல்லாமல் தானே திறந்து தானே மூடும் மடை.

#11 · கண்மாய்க்கரை · ஜனவரி 10, இரவு 8.45

இப்பத்தான் மனசுக்கு நெறஞ்சது. பெரிய கண்மாயா இருந்தா நெறைய நாள் ஓடுமாக்கும்?

#12 · ராசி_டேட்டா · ஜனவரி 10, இரவு 9.20

ஆமாம் ஐயா. ஜிஆர்எஸ் 1915+105 என்று கழுகு மண்டலத்தில் ஒன்று. துணை விண்மீன் சுற்றிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இடைவெளி பெரிது, வட்டும் மிகப் பெரிது. 1992ல் எழுந்தது, 2018 வரை மங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

வைகைக்கும் இதில் செய்தி இருக்கிறது. அந்த ஒன்றின் லைட் கர்வ் மட்டுமே பலவிதமாக ஆடும். 2000ல் பெல்லோனியும் சகாக்களும் அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து 12 வகையாகப் பிரித்துக் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்தார்கள். அதில் 'ரோ' என்ற வகை அப்படியே ஈசிஜி மாதிரி இருக்கும், 'இதயத் துடிப்பு' என்றே சொல்வோம். 2017ல் நாசாவின் ராஸி எக்ஸ்ரே செயற்கைக்கோளின் 16 ஆண்டு டேட்டாவை எடுத்து இந்த வகைகளை மெஷின் லேர்னிங்கில் பிரிக்கும் ஆய்வும் வந்துவிட்டது. டேட்டா எல்லாம் பொதுவில் இருக்கிறது. என் வாக்கு எழுச்சிக்கே.

#13 · ரயிலார்நகர்_கோடர் · ஜனவரி 11, காலை 9.00

சார், மரியாதையோட மறுக்கறேன். எழுச்சி அருமையான விஷயம், ஆனா இந்தத் தம்பிகிட்ட இருக்குறது மூணு மாசம். கேலக்ஸின்னா ஒரு படம் ஒரு சாம்பிள். எழுச்சியில ஒரு கருந்துளையோட ஒரு எழுச்சி முழுசுமே ஒரு சாம்பிள்தான். லைட் கர்வை நூறு விநாடித் துண்டாய் ஆயிரம் போடலாம், ஆனா ஒரே எழுச்சியோட துண்டு பயிற்சியிலயும் தேர்வுலயும் இருந்தா தம்பி முதல்ல பண்ணின அதே தப்புதான். எழுச்சி வாரியாப் பிரிக்கணும், முடிஞ்சா கருந்துளை வாரியாவே பிரிக்கணும். அப்படிப் பிரிச்சா கையில என்ன மிஞ்சும்?

#14 · ராசி_டேட்டா · ஜனவரி 11, இரவு 10.10

கோடர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு வலுச்சேர்க்கும்படி எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு இருந்த ஒரு குழுவில் அஸ்ட்ரோசாட் லைட் கர்வ்களை வைத்து 'கடின நிலை', 'மென்னிலை' என்று பிரிக்கும் மாடல் செய்தோம். ஆற்றல் மிகுந்த எக்ஸ்ரே ஓங்கியிருந்தால் கடினம், குறைந்த ஆற்றல் ஓங்கியிருந்தால் மென்மை. முடிவுகள் அபாரமாக வந்தன. அஸ்ட்ரோசாட் சுமார் 650 கி.மீ. உயரத்தில் ஏறத்தாழ 98 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. அந்தச் சுற்றில் பூமி குறுக்கே வந்து பொருளை மறைக்கும். தென் அட்லாண்டிக் மேலே கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடக்கும்போது கருவியை ஓய்வில் வைப்பார்கள். அதனால் லைட் கர்வில் இடைவெளிகள் விழும். அந்த இடைவெளிகளை நாங்கள் பூஜ்யம் போட்டு நிரப்பியிருந்தோம். கடின நிலைப் பதிவுகள் ஒரு பருவத்திலும் மென்னிலைப் பதிவுகள் வேறு பருவத்திலும் எடுத்தவை. இடைவெளியின் நீளம் இரண்டுக்கும் வேறு. எங்கள் மாடல் கருந்துளையைப் பார்க்கவே இல்லை, பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருந்தது. நாலு மாதம் கழித்து, ஒரு லைட் கர்வைத் தாளில் அச்சடித்து மேசையில் விரித்து வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. நாலு மாதம் நாங்கள் யாரும் ஒரு லைட் கர்வைக்கூட முழுசாகப் பார்த்திருக்கவில்லை.

இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வைகை இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து 38 படங்களைத் திறந்து பார்த்தாரே, அதை நாங்கள் முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

#15 · சோழவந்தான்_டீச்சர் · ஜனவரி 12, மாலை 7.15

ரெண்டு பேரும் ரெண்டு தனித்தனித் தலைப்பு மாதிரிப் பேசறீங்க. எனக்கு அப்படித் தோணலை.

கேலக்ஸி சூ தொடங்கின அதே 2007ல, நெதர்லாந்துல ஹேனி வான் ஆர்கல்னு ஒரு பள்ளி ஆசிரியை படங்களுக்கு வகை சொல்லிக்கிட்டே வந்தாங்க. ஐசி 2497ங்கிற சுருள் பக்கத்துல ஒரு விநோதமான திட்டு தெரிஞ்சுது. கேட்ட கேள்வி எதுலயும் அதுக்கு இடமில்லை. சுருளும் இல்லை, நீள்வட்டமும் இல்லை. அவங்க அதை ஒதுக்கிட்டு அடுத்த படத்துக்குப் போகாம, "இது என்ன?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பிச்சு. அது ஒரு பெரிய வாயு மேகம். ஐசி 2497 நடுவுல இருக்கிற ராட்சசக் கருந்துளை முன்னாடி குவேசாரா, அதாவது வாயுவை முழுங்கிக்கிட்டுப் பயங்கரப் பிரகாசமா, எரிஞ்சப்ப வீசின வெளிச்சம் பட்டு, அந்த மேகம் இன்னும் ஒளிர்ந்துக்கிட்டு இருக்கு. குவேசாரோ கடந்த 2 லட்சம் வருஷத்துக்குள்ள அடங்கிப்போச்சு. விளக்கு அணைஞ்ச பிறகும் எதிர்ச் சுவத்துல வெளிச்சம் தெரியுற மாதிரி.

வடிவம் பார்க்கப் போன இடத்துல கருந்துளையோட எழுச்சி கிடைச்சுது. பத்துப் பெட்டி மட்டுமே தெரிஞ்ச மாடல்கிட்ட அந்தப் படத்தைக் கொடுத்திருந்தா என்ன சொல்லியிருக்கும்? பத்துல ஒண்ணைச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கும்.

#16 · ராசி_டேட்டா · ஜனவரி 12, இரவு 9.40

டீச்சர், இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஓபியூகஸ் கேலக்ஸிக் கூட்டத்தை நாசாவின் சந்திரா விண்வெளித் தொலைநோக்கி எடுத்த எக்ஸ்ரே படத்தில் வளைந்த விளிம்பு ஒன்றை 2016ல் ஒரு குழு கவனித்தது. கருந்துளை எழுச்சி தோண்டிய குழியோ என்றும் யோசித்தது. அப்படியானால் தேவைப்படும் ஆற்றல் நம்ப முடியாத அளவு பெரிது என்று கைவிட்டது. 2020ல் வேறொரு குழு எக்ஸ்எம்எம் நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கியின் படங்களோடு ரேடியோ படங்களையும் சேர்த்துப் பார்த்து, அது குழிதான் என்றது. நம் பால்வீதியைப் போல் 15ஐ வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பெரிய குழி. அந்த ரேடியோ தரவில் புனே அருகில் நாராயண்காவ் பக்கம் உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் பங்கும் உண்டு. கண் பார்த்துவிட்டது, மனம்தான் ஏற்கவில்லை.

#17 · தாய்_ஒருத்தி · ஜனவரி 13, காலை 11.00

என் பொண்ணும் இயற்பியல்தான் படிக்கிறா. இதையெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா?

#18 · ரயிலார்நகர்_கோடர் · ஜனவரி 13, மதியம் 1.10

கிடைக்கும் அக்கா. எங்க டீமுக்கு ஆள் எடுக்கும்போது 97ன்னு சொல்றவங்களை விட, 97 எப்படி 79 ஆச்சுன்னு விளக்கத் தெரிஞ்சவங்களைத்தான் நான் எடுப்பேன். தைரியமாப் படிக்க வைங்க.

#19 · சோழவந்தான்_டீச்சர் · ஜனவரி 13, மாலை 6.00

பொங்கல் லீவுல, அமாவாசையை ஒட்டிப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு எழுமலைப் பக்கம் போறோம். மலையடிவாரம், ஊர் வெளிச்சம் அவ்வளவா எட்டாது. வைகை, நீங்களும் வாங்க. ஒரு பைனாகுலர் போதும்.

#20 · வைகை_வடகரை · ஜனவரி 19, இரவு 10.30

போயிட்டு வந்துட்டேன்.

ஏழரை மணி இருக்கும். டீச்சர் வடமேற்கைக் காட்டி, ஒரு விண்மீன்ல இருந்து ரெண்டு தாவல் தாவச் சொன்னாங்க. முதல்ல ஒண்ணும் தெரியலை. நேராப் பார்க்காதே, கொஞ்சம் பக்கத்துல பாருன்னாங்க. பார்த்தேன். மூச்சு விட்ட கண்ணாடியில படிஞ்ச ஆவி மாதிரி, நீளவாக்குல ஒரு மங்கல். ஆண்ட்ரோமெடா. 25 லட்சம் வருஷத்துக்கு முன்ன கிளம்பின வெளிச்சம். சுருளும் தெரியலை, கையும் தெரியலை. செல்லூர் மொட்டைமாடியில இத்தனை வருஷம் நின்னு பார்த்திருக்கேன், அங்க ஒரு நாளும் தென்பட்டதில்லை.

ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் பைனாகுலரை வாங்கிப் பார்த்துட்டு, "இது சுருட்டா தட்டா அண்ணே?"ன்னு கேட்டான். டீச்சர் அவங்ககிட்ட இந்த இழையைப் படிச்சுக் காட்டியிருக்காங்க. சாய்ஞ்சு நிக்கிற தட்டுன்னு நான் சொன்னேன். "எப்படித் தெரியும்?"னான். பெரிய தொலைநோக்கியில எடுத்த படத்துல சுருள் கை தெரியுதுன்னேன். "அப்ப தூரத்துல இருக்குறதுக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டான்.

பஸ்ஸுல திரும்பி வரும்போது பூராம் அதுதான் ஓடுச்சு. வீட்டுக்கு வந்து தொகுப்போட விளக்கத்தை மறுபடி படிச்சேன். முதல் தடவை தாண்டிப்போன ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. டீகால்ஸ்ல மொத்தம் 4 லட்சத்துக்கு மேல கேலக்ஸி. அதுல கேலக்ஸி சூவுல வகை சொன்னவங்க ஓட்டு நல்லா ஒரு பக்கமா விழுந்ததை மட்டும் சலிச்சு எடுத்ததுதான் இந்த 17,736. அப்ப என் மாடல் பார்த்ததெல்லாம் மனுஷங்க சண்டையில்லாம ஒத்துக்கிட்ட படங்கள் மட்டும். ஓட்டு பிரிஞ்சுபோன படங்கள் எல்லாம் வெளியில நிக்குது.

மேடம்கிட்ட இன்னிக்கு இதைச் சொன்னேன். தலைப்பு முடிவாயிடுச்சு. தெளிவான படங்கள்ல பயிற்சி கொடுத்துட்டு, ஓட்டு பாதிக்குப் பாதியாப் பிரிஞ்ச விளிம்புத் தட்டு, சுருட்டு வகைப் படங்களை அதுகிட்ட காட்டப்போறேன். ஓட்டு விவரம் கேலக்ஸி சூ வெளியிட்ட பட்டியல்லயே இருக்கு. மனுஷங்க தடுமாறுற இடத்துல மாடலும் தடுமாறுதா, இல்லை அங்க போய் உறுதியா ஏதாவது ஒண்ணைச் சொல்லுதா? அதான் கேள்வி. மாடல் 95 சதவீதம் உறுதின்னு சொல்லி, மனுஷங்க ரெண்டா நிக்கிற ஒவ்வொரு படத்தையும் நான் கண்ணால பார்த்துக் குறிப்பு எழுதுவேன்.

#21 · ரயிலார்நகர்_கோடர் · ஜனவரி 20, காலை 8.15

இது உங்களோடது தம்பி. மாடல் சொல்ற உறுதியை அப்படியே நம்பிடாதீங்க. அஞ்சு தடவை வேற வேற தொடக்கத்துல பயிற்சி கொடுத்து, அஞ்சும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. கொலாப்ல நேரம் பத்தலைன்னா சொல்லுங்க. என்கிட்ட ஒரு பழைய ஜிபியு கார்டு சும்மா கிடக்கு, ராத்திரி ஓட்டிக்கொடுக்கறேன். 2025 ஜூன்ல சிலி நாட்டுல இருக்குற ரூபின் வானியல் ஆய்வகம் முதல் படங்களை வெளியிட்டுச்சு. ஒரு ராத்திரிக்கு 20 டெராபைட் கணக்குல டேட்டா. அம்புட்டையும் மனுஷக் கண்ணால பார்க்க முடியாது. எதை மட்டும் மனுஷன் பார்க்கணும்னு எடுத்துக் கொடுக்கிற மாடல் அங்க தேவைப்படும்.

#22 · ராசி_டேட்டா · ஜனவரி 20, இரவு 9.00

எழுச்சிக்கு வாக்களித்தவன் நான், இருந்தாலும் மனமார வாழ்த்துகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பு எழுதும் ஏட்டில் பத்து வகைக்கும் பத்துக் கட்டம் போட்டபின் பதினொன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குப் பெயர் எழுதாமல் விடுங்கள். அதில் விழும் படங்களின் ஆயத்தொலைவுகளை இந்த இழையிலேயே போடுங்கள். அவற்றின் நடுவில் எக்ஸ்ரே மூலம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று நான் பழைய பட்டியல்களில் தேடித் தருகிறேன்.

#23 · கண்மாய்க்கரை · ஜனவரி 20, இரவு 9.35

படம் போடும்போது எங்களுக்கும் போடுங்க தம்பி. மகனும் நானும் பாத்துச் சொல்றோம்.

#24 · வைகை_வடகரை · பிப்ரவரி 2, இரவு 12.50

முதல் 200 படம் முடிஞ்சது. பதினொன்றாவது கட்டத்துல மூணு விழுந்திருக்கு. ரெண்டு, முன்னாடி நிக்கிற நம்ம பால்வீதி விண்மீனோட ஒளிக்கீத்துன்னு நினைக்கறேன். மூணாவதுல, மெலிசான ஒரு தட்டு, அதுக்கு மேல கொஞ்சம் தள்ளி வெளிறின ஒரு திட்டு. மாடல் அஞ்சு தடவையும் 'மோதல்'னு சொல்லுது, 96க்குக் குறையாம. எனக்கு மோதல்னு தோணலை. படத்தைக் கீழ இணைச்சிருக்கேன். ராசி சார், கண்மாய்க்கரை ஐயா, டீச்சர், எல்லாரும் பாருங்க.